பேஜர் கத்தினால் என்ன செய்வது? அமெரிக்கத் தன்னார்வத் தீயணைப்பு வீரருக்கு ஒரு ரேடியோ வழிகாட்டி

பென்சில்வேனியாவில் நாங்கள் இருக்கும் சிற்றூரின் தன்னார்வத் தீயணைப்புக் குழுவில் நான் சேர்ந்தபோது, என் அளவுக்குக் கோட்டும் பூட்ஸும் வந்து சேர மூன்று வாரம் ஆனது. பேஜரை மட்டும் அன்று மாலையே கையில் கொடுத்துவிட்டார்கள். அந்த மூன்று வாரமும் நான் எங்கும் ஓடவில்லை. சாப்பாட்டு மேசையில் அதை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தேன். எனக்குக் கிடைத்த பயிற்சிகளில் மிகவும் உருப்படியானது அதுதான் என்று இன்று தோன்றுகிறது.

அமெரிக்காவில் தீயணைப்பு வீரர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். 1736-ல் பிலடெல்பியாவில் பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் யூனியன் ஃபயர் கம்பெனியைத் தொடங்கிய காலத்திலிருந்து வரும் வழக்கம் இது. ஒருவர் கடையில் இருப்பார், ஒருவர் வயலில் இருப்பார், இன்னொருவர் தூங்கிக்கொண்டிருப்பார். இவர்கள் எல்லோரையும் ஒரே நேரத்தில் எழுப்பி, எங்கே, என்ன என்று சொல்லி வண்டியில் ஏற்ற வேண்டும். ரேடியோவும் பேஜரும் அந்த வேலையைத்தான் செய்கின்றன. நம் ஆட்களும் இப்போது இங்கொருவர் அங்கொருவராக இந்தக் குழுக்களில் சேர்கிறார்கள். அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சேனல் பெயர், வண்டி எண், பேசும் முறை எல்லாம் கவுண்டிக்குக் கவுண்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) மாறும். நான் சொல்வதும் உங்கள் கேப்டன் சொல்வதும் மோதினால், கேப்டன் சொல்வதே சரி.

1. அழைப்பு எந்த வழியாக வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

யாரோ ஒருவர் 911-ஐ அழைக்கிறார். (இந்த எண்ணில் முதல் அழைப்பு 1968 பிப்ரவரி 16 அன்று அலபாமாவின் ஹேலிவில் ஊரில் போனது.) அது பெரும்பாலும் கவுண்டியின் 911 மையத்துக்குப் போகும். எடுப்பவர் முதலில் கேட்பது முகவரி. என்ன நடந்தது என்பதெல்லாம் அப்புறம். இணைப்பு அறுந்துபோனாலும் முகவரி கையில் இருந்தால் வண்டியை அனுப்பிவிடலாம் அல்லவா?

அவர் தட்டச்சு செய்யும்போதே, வண்டிகளை அனுப்பும் டிஸ்பாச் கணினி, அந்த முகவரிக்கும் அந்த வகை விபத்துக்கும் யார் யார் போக வேண்டும் என்று பட்டியல் காட்டும். இந்தப் பட்டியல் முன்கூட்டியே போட்டு வைத்தது. குப்பைத் தொட்டித் தீக்கு ஒரு என்ஜின் (தீயணைப்பு வண்டி), வீட்டுத் தீக்கு மூன்று நான்கு ஸ்டேஷன்கள், குழாய் இல்லாத கிராமப் பகுதி என்றால் கூடவே தண்ணீர் டேங்கர்கள். பல இடங்களில் இதை ‘பாக்ஸ்’ என்றும், பட்டியலின் எண்ணை ‘பாக்ஸ் நம்பர்’ என்றும் சொல்வார்கள். பெட்டியே இல்லாத இடத்தில் ஏன் பாக்ஸ் என்று நானும் குழம்பியிருக்கிறேன். 1852-ல் பாஸ்டன் நகரம் தெருமுனைகளில் தந்திப் பெட்டிகளை வைத்தது. கைப்பிடியைச் சுழற்றினால் அந்தப் பெட்டியின் எண் மணியோசையாகத் தலைமையிடத்துக்குப் போகும். பெரும்பாலான ஊர்களில் பெட்டி போய்விட்டது, எண் மட்டும் வழக்கில் நின்றுவிட்டது.

பட்டியல் தயாரானதும் டிஸ்பாச்சர் உங்கள் ஸ்டேஷனுக்கான டோனை, அதாவது உங்கள் பேஜர்களை எழுப்பும் ஒலியை, அனுப்புவார். பெரிய மையங்களில் போனை எடுப்பவர் ஒருவர், ரேடியோவில் பேசுபவர் வேறொருவர். அதனால்தான், நீங்கள் வண்டியில் ஏறும் வரையிலும் போனில் இருப்பவரிடம் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பார்கள். புதுத் தகவல் வரவர ரேடியோவில் வந்து சேரும்.

2. உங்கள் ஸ்டேஷனின் டோனைக் காதில் ஏற்றுங்கள்

பேஜர் என்றதும் 1990-களில் இடுப்பில் செருகியிருந்த, எண் மட்டும் காட்டும் கருவி நினைவுக்கு வரலாம். இது வேறு. இது ஒரே சேனலில் காது வைத்துக்கொண்டு வாய் மூடிக் கிடக்கும் ஒரு ரேடியோ பெட்டி. உங்களுக்கான இரண்டு சுரங்கள் காற்றில் வந்தால் மட்டும் வாய் திறக்கும்.

பரவலாக இருக்கும் முறையில் முதல் சுரம் ஒரு நொடி, இரண்டாவது சுரம் மூன்று நொடி. எடுத்துக்காட்டாக முதலாவது 349.0 ஹெர்ட்ஸ், இரண்டாவது 600.9 ஹெர்ட்ஸ். இந்த இணைதான் ஒரு ஸ்டேஷனின் அடையாளம். பேஜருக்குள் இருக்கும் வடிகட்டி இந்த இரண்டும் இதே வரிசையில், போதிய நேரம் ஒலித்தால்தான் ஒலிபெருக்கியைத் திறக்கும். வரிசை மாறினால் அது வேறொரு ஸ்டேஷன். முப்பது சுரங்கள் இருந்தால் முதலாவதுக்கு 30 வாய்ப்பு, இரண்டாவதுக்கு மீதி 29. ஆக 870 இணைகள். ஒரு கவுண்டிக்குத் தாராளமாகப் போதும். எல்லோரையும் ஒரே நேரத்தில் கூப்பிட எட்டு நொடி நீளும் ஒற்றைச் சுரம் ஒன்றையும் சில இடங்களில் வைத்திருக்கிறார்கள்.

பல ஸ்டேஷன்களைக் கூப்பிடும்போது ஒவ்வொன்றின் இணையும் வரிசையாக ஒலிக்கும். ஐந்து ஸ்டேஷன் என்றால் டோனுக்கே இருபது நொடிக்கு மேல் ஆகிவிடும். உங்கள் இணை இரண்டாவதாக வந்தால், பேஜர் திறந்த பிறகும் மற்றவர்களின் டோன்கள் ஊளையிட்டுக்கொண்டே இருக்கும். ‘ஏன் யாரும் பேசவில்லை’ என்று பதறாதீர்கள். பெரிய பட்டியல் ஓடுகிறது என்று அர்த்தம். பழகிய பிறகு எத்தனை டோன் போனது என்பதை வைத்தே, குரல் வருவதற்கு முன், காரியம் பெரிதா சிறிதா என்று தெரிந்துவிடும்.

பாட்டுக் கற்றவர்களுக்கு இது எளிது. எனக்கு அந்தப் பயிற்சி இல்லாததால், எங்கள் இணையை வாயால் முனகிப் பழகினேன். பக்கத்து ஸ்டேஷனின் முதல் சுரமும் எங்களுடையதும் ஒன்றே, இரண்டாவதில்தான் வேறுபாடு. முதல் சுரத்திலேயே நாற்காலியை விட்டு எழுந்து, இரண்டாவதில் திரும்ப உட்கார்ந்த மாலைகள் நிறைய.

3. பேஜரை ஓர் இடத்தில் வையுங்கள், அந்த இடத்தை மாற்றாதீர்கள்

பெரும்பாலான குழுக்களில் மோட்டோரோலாவின் மினிட்டார் வரிசைப் பேஜர் இருக்கும். டிஜிட்டல் ரேடியோவுக்கு மாறிய கவுண்டிகளில் யூனிகேஷன் பேஜர்களும் உண்டு. எதுவானாலும் மூன்று நிலைகளைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று, டோன் வரும் வரை அமைதி. இரண்டு, சேனலில் போகும் பேச்சு முழுவதும் கேட்கும் நிலை. மூன்று, அதிர்வு மட்டும். பகலில் பழகுவதற்கு இரண்டாவது நிலை நல்லது. தூங்கப் போகும்போது முதலாவதில் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். அதிர்வில் வைத்த பேஜர் மெத்தைமேல் இருந்தால் எழுப்பாது.

நான் இதில் ஒரு பாடம் படித்தேன். எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டில்தான் என் மேசையும் சலவை இயந்திரமும் இருந்தன. பேஜரையும் அங்கேயே சார்ஜரில் போட்டு வைத்தேன். ஒரு சனிக்கிழமை மதியம் பக்கத்துத் தெருவில் என்ஜின் சைரன் கேட்டு மேலே ஓடி வந்தபோதுதான் தெரிந்தது, எங்களுக்கு அழைப்பு வந்து ஒன்பது நிமிடம் ஆகிவிட்டது. பேஜரில் குற்றமில்லை. மண்ணுக்கு அடியில், கான்கிரீட் சுவருக்குள் சிக்னல் இறங்கவில்லை. அன்று முதல் அது மாடியில் சன்னல் ஓரமாக, ஆன்டெனா பொருத்திய சார்ஜரில் நிற்கிறது. அந்த வகைச் சார்ஜரில் ஒலியைக் கூட்டித் தரும் ஒலிபெருக்கியும் உண்டு. சிலவற்றில் டோன் வந்ததும் மேசை விளக்கை எரியவைக்கும் ரிலேயும் உண்டு. விளக்கு தானே எரிவது நடு இரவில் எவ்வளவு உதவி என்பதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

உங்கள் வீட்டில் பேஜர் எங்கே கேட்கிறது, எங்கே கேட்கவில்லை என்று ஒருநாள் இரண்டாவது நிலையில் வைத்துக்கொண்டு அறை அறையாக நடந்து பாருங்கள். வேலை செய்யும் இடத்திலும் அப்படியே.

‘போனில் ஆப் வருகிறதே, பேஜர் எதற்கு’ என்று கேட்பார்கள். ஆக்டிவ்911, ஐ-ஆம்-ரெஸ்பாண்டிங் போன்ற செயலிகள் வரைபடம் காட்டும், யார் யார் வருகிறார்கள் என்று சொல்லும். நானும் வைத்திருக்கிறேன். ஆனால் அவை போன் கம்பெனியின் கோபுரத்தையும் இணையத்தையும் நம்பியவை. புயலடித்து ஊரே போனில் இருக்கும்போது பிந்தி வரலாம். பேஜர் சிக்னல் ஒரு கோபுரத்திலிருந்து ஒரே வீச்சில் கிளம்புகிறது. ஐந்து பேர் கேட்டாலும் ஐந்நூறு பேர் கேட்டாலும் அதற்கு ஒன்றுதான். போன் துணைக்கு இருக்கட்டும், பேஜரின் இடத்தை அதற்குக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, மனப்பூர்வமாகச் சொல்கிறேன். தூக்கத்திலிருந்து திடுக்கிட்டு எழுந்து ஓடுவது இதயத்துக்குப் பெரிய சுமை. இங்கே பணியின்போது இறக்கும் வீரர்களின் சாவுக்கு மாரடைப்பு போன்ற இதயக் கோளாறுகளே நீண்ட காலமாக முதன்மைக் காரணம். அதனால்தான் புதிதாகக் கட்டும் ஸ்டேஷன்களில் மணி எடுத்த எடுப்பிலேயே அலறாமல் மெதுவாகத் தொடங்கி உயரும்படி வைக்கிறார்கள். உங்கள் பேஜரின் ஒலி எழுப்பும் அளவுக்கு இருந்தால் போதும். கட்டிலில் உட்கார்ந்து, அறிவிப்பு முழுவதையும் கேட்டு, அப்புறம் எழுந்திருங்கள். அந்தப் பத்து இருபது நொடியில் எந்த வீடும் கூடுதலாக எரிந்துவிடாது. தவறான தெருவுக்குப் போனால் எரியும்.

4. கேட்டதை எழுதுங்கள்

டோன் முடிந்ததும் வரும் அறிவிப்புக்கு ஓர் அமைப்பு உண்டு. யார் போக வேண்டும், என்ன வகை, முகவரி, குறுக்குத் தெருக்கள், கிடைத்த கூடுதல் தகவல், எந்தச் சேனலில் பேச வேண்டும், நேரம். பெரும்பாலும் முழுவதும் இரண்டு முறை சொல்வார்கள். ஆங்கிலத்தில் வருவதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும் (லேடர் என்பது ஏணி வண்டி, ஃபயர்கிரவுண்ட் என்பது தீக்களத்தில் பேசும் சேனல்):

“ஸ்டேஷன் 27, ஸ்டேஷன் 31, லேடர் 30. வீட்டுத் தீ. ஒன்-ஃபைவ்-ஃபோர் மேப்பிள் அவென்யூ. மில் ரோட்டுக்கும் சர்ச் ஸ்ட்ரீட்டுக்கும் இடையே. இரண்டாம் மாடியில் புகை. எல்லோரும் வெளியே வந்துவிட்டார்களா என்பது தெரியவில்லை. ஃபயர்கிரவுண்ட் 3-ல் பேசவும். நேரம் 02:14.”

பேஜருக்குப் பக்கத்தில் ஒரு சீட்டும் பென்சிலும் வைத்துக்கொள்ளுங்கள். (பேனா குளிர்காலத்தில் காரில் உறைந்துவிடும், பென்சில் ஏமாற்றாது.) முதல் முறை சொல்லும்போது வீட்டு எண்ணையும் தெருவையும் மட்டும் பிடியுங்கள். இரண்டாம் முறையில் குறுக்குத் தெருவும் சேனலும். மூன்றாம் முறை வராது; ஆனால் பல பேஜர்களில் கடைசி அறிவிப்பைத் திரும்பப் போட்டுக் கேட்கலாம். அந்தப் பட்டன் எது என்று இருட்டில் தடவிப் பார்த்தே தெரிய வேண்டும்.

நமக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஃபிஃப்டீன், ஃபிஃப்டி, தர்ட்டீன், தர்ட்டி என்பவை கரகரக்கும் ரேடியோவில் ஒன்றுபோலவே கேட்கும். வாய்விட்டுத் தமிழ் பேசி வளர்ந்த காதுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக. நான் ஒருமுறை 15 என்பதை 50 என்று எழுதிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய் ஓட்டுநரிடம் நீட்டினேன். அவர் என் சீட்டை வாங்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் மைக்கை எடுத்து முகவரியைத் திரும்பக் கேட்டார். “ஒன்-ஃபைவ், ஒன்-ஃபைவ்” என்று பதில் வந்தது. அவர் கேட்டிராவிட்டால் அந்தத் தெருவின் மறுமுனையில் போய் நின்றிருப்போம். எண்ணை இலக்கம் இலக்கமாகக் கேளுங்கள், இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள், சந்தேகம் வந்தால் கேட்டுவிடுங்கள்.

டோன் கேட்டதும் நீங்கள் டிஸ்பாச்சருக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. அது அதிகாரியின் வேலை, அல்லது முதல் வண்டியில் முன் சீட்டில் இருப்பவரின் வேலை. 911 மையத்துக்குப் போன் செய்து விவரம் கேட்பதும் கூடாது. அந்த நேரத்தில் அவர்கள் தீக்குள் இருப்பவரோடு பேசிக்கொண்டிருக்கலாம். உங்கள் வேலை ஸ்டேஷனுக்குப் பத்திரமாக வந்து சேர்வது. சொந்தக் காரில் விளக்குப் போட அனுமதியா, அது என்ன நிறம் என்பதெல்லாம் மாநிலச் சட்டம். எந்த விளக்கும் உங்களுக்குச் சிவப்பு சிக்னலைத் தாண்டும் உரிமையைத் தானாகக் கொடுத்துவிடாது.

முழுநேர வீரர்கள் தீ அழைப்புக்கு 80 நொடிக்குள் வண்டியைக் கிளப்ப வேண்டும் என்று தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கமான என்எஃப்பிஏவின் 1710 தரம் (2020 பதிப்பு) சொல்கிறது. தன்னார்வலர்களுக்கான 1720 தரத்தில் கணக்கு வேறு: கிராமப் பகுதியில் பத்து அழைப்புகளில் எட்டுக்காவது 14 நிமிடத்துக்குள் ஆறு பேர் களத்தில் இருக்க வேண்டும். சில நிமிடங்களில் போதிய ஆள் வரவில்லை என்றால் டிஸ்பாச்சர் மறுபடி டோன் போடுவார். அப்போதும் வராவிட்டால் அடுத்த ஊரைக் கூப்பிடுவார். இரண்டாம் முறை உங்கள் டோன் கேட்கிறது என்றால், ஆள் குறைவு, நீங்கள் தேவை என்று பொருள்.

5. சேனல்கள்: எதற்கு எது

அலைவரிசைகளைப் பற்றிச் சுருக்கமாக. 30 முதல் 50 மெகாஹெர்ட்ஸ் வரை பழைய தாழ்ந்த பட்டை. மலையும் காடும் உள்ள கவுண்டிகளில் இன்னும் இருக்கிறது. 150 முதல் 174 வரை விஎச்எஃப். கிராமப்புறப் பேஜிங்கில் பெரும்பகுதி இங்கேதான். 450-க்கு மேல் யுஎச்எஃப். 700, 800 மெகாஹெர்ட்ஸில் கவுண்டி அளவிலான பெரிய டிரங்கிங் அமைப்புகள். 2013 ஜனவரி 1-க்குள் விஎச்எஃப், யுஎச்எஃப் சேனல்களின் அகலத்தை 25 கிலோஹெர்ட்ஸிலிருந்து 12.5-ஆகக் குறைக்க வேண்டும் என்று மத்திய அரசின் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி உத்தரவிட்டது. அதற்கு முந்தைய பழைய பேஜரை யாராவது அன்பாகக் கொடுத்தால், வாங்கிக் காட்சிக்கு வையுங்கள், அழைப்புக்கு நம்பாதீர்கள்.

டிரங்கிங் என்றால், ரயில் நிலையத்தில் ஒவ்வொரு கவுண்டருக்கும் தனித்தனி வரிசை இல்லாமல் எல்லோருக்கும் ஒரே வரிசை வைத்து, எது காலியோ அங்கே அனுப்புவது போல. உங்கள் குழுவுக்கென்று ஒரு டாக்குரூப் (பேச்சுக் குழு). எந்த அலைவரிசை என்பதைக் கணினி அந்த நொடியில் ஒதுக்கும். அதனால் பட்டனை அழுத்தியதும் பேசிவிடக் கூடாது. ‘பேசலாம்’ என்ற சின்ன பீப் ஒலி வரும், அப்புறம்தான் பேச வேண்டும்.

புதியவர்கள் உண்மையாகவே புரிந்துகொள்ள வேண்டியது ரிப்பீட்டருக்கும் நேரடிப் பேச்சுக்கும் உள்ள வேறுபாடு. ரிப்பீட்டர் என்பது கோபுரத்திலோ உயரமான கட்டடத்திலோ இருக்கும் கருவி. உங்கள் கை ரேடியோவின் சின்னக் குரலை வாங்கி, வேறொரு அலைவரிசையில் உரக்கத் திருப்பிச் சொல்லும். கவுண்டி முழுவதும் கேட்கும். ஆனால் அது உங்களைக் கேட்டால்தான் மற்றவர்களும் உங்களைக் கேட்பார்கள். நேரடிச் சேனலில் நடுவில் யாருமில்லை. என் ரேடியோவிலிருந்து உங்கள் ரேடியோவுக்கு. தூரம் போகாது, ஆனால் பத்தடியில் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குக் கேட்டுவிடும். பல குழுக்கள் டிஸ்பாச்சரோடு பேச ரிப்பீட்டரையும், எரியும் வீட்டுக்குள் தங்களுக்குள் பேச நேரடிச் சேனலையும் வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

2001 செப்டம்பர் 11 காலையில் நியூயார்க் உலக வர்த்தக மையத்தில் நடந்தது இதோடு சேர்ந்தது. 1993 குண்டுவெடிப்புக்குப் பிறகு அங்கே தீயணைப்புத் துறைக்காக ஒரு ரிப்பீட்டர் வைத்திருந்தார்கள். வடக்குக் கோபுரத்தின் லாபியில் தலைவர்கள் அதைச் சோதித்தார்கள், வேலை செய்யவில்லை என்று முடிவுசெய்து வேறு சேனலுக்குப் போனார்கள். அதை இயக்க இரண்டு பட்டன்கள் அழுத்த வேண்டும். ஒன்று அழுத்தப்பட்டிருந்தது, மேசையிலிருந்த கைக்கருவியை உயிர்ப்பிக்கும் இரண்டாவது பட்டன் அழுத்தப்படவில்லை என்று பின்னர் விசாரணை ஆணையம் கண்டறிந்தது. அன்று நியூயார்க் தீயணைப்புத் துறையினர் 343 பேர் இறந்தார்கள். அவ்வளவு சாவுக்கும் ஒரு பட்டன் காரணம் என்று நான் சொல்லவில்லை, ஆணையமும் சொல்லவில்லை. ஆனால் என் வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் ரேடியோவின் ஒவ்வொரு பட்டனையும் ஏன் தொட்டுப் பார்க்கிறேன் என்று யாராவது கேட்டால், இதைத்தான் சொல்வேன்.

டிஜிட்டல் ரேடியோவைப் பற்றியும் ஒரு வார்த்தை. பி25 என்ற பொதுத் தரத்தில் வரும் டிஜிட்டல் ரேடியோக்கள் எல்லைவரை தெளிவாகக் கேட்கும். எல்லை தாண்டினால் மொத்தமாக அறுந்துவிடும். அனலாக் கரகரத்துக் கரகரத்துத் தேயும். அந்தக் கரகரப்பே ஓர் எச்சரிக்கை. அது போக, டிஜிட்டலில் குரலைச் சுருக்கும் முறை மனிதக் குரலுக்காக வடிவமைக்கப்பட்டது. பக்கத்தில் மரம் அறுக்கும் செயின்சாவோ, அசையாமல் கிடக்கும் வீரருக்காக அலறும் பாஸ் அலாரமோ இருந்தால் பேச்சு குழம்பிப்போகும். இந்தக் காரணங்களால் கவுண்டி டிஜிட்டலுக்குப் போன பிறகும் களத்தில் நேரடி அனலாக் சேனலை விடாமல் வைத்திருக்கும் குழுக்கள் பல. என் கருத்தும் அதுதான்.

கை ரேடியோவின் மேல் குமிழில் பெரும்பாலும் 16 நிலைகள் இருக்கும். கையுறை போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, இடப்பக்கம் நிற்கும் வரை திருப்புங்கள். அது சேனல் 1. அங்கிருந்து கிளிக் எண்ணி உங்கள் ஃபயர்கிரவுண்ட் சேனலுக்குப் போங்கள். புகைக்குள் திரையைப் பார்க்க முடியாது, எண்ணத்தான் முடியும்.

6. பேச வேண்டி வந்தால்

முதலில் என்ன சொல்லப் போகிறீர்கள் என்று மனதில் ஒருமுறை சொல்லிக்கொள்ளுங்கள். மற்றவர் பேசி முடித்தாரா என்று கேளுங்கள். பட்டனை அழுத்தியபடி ஒரு நொடி பொறுங்கள். இல்லையென்றால் முதல் சொல் வெட்டுப்படும், அந்த முதல் சொல் பெரும்பாலும் நீங்கள் கூப்பிடும் ஆளின் பெயராக இருக்கும். மைக்கை வாயிலிருந்து இரண்டு விரல் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் பிடித்து, சாதாரணக் குரலில் பேசுங்கள். கத்தினால் கரகரப்புதான் கூடும்.

எங்கள் கவுண்டியில் யாரைக் கூப்பிடுகிறோமோ அவர் பெயர் முதலில், நம் பெயர் அடுத்து: “கமாண்ட், என்ஜின் 27.” (கமாண்ட் என்பது களத்தை நடத்தும் அதிகாரி.) அவர் “என்ஜின் 27, சொல்லுங்கள்” என்ற பிறகு விஷயம். கேட்டவர் சுருக்கமாகத் திருப்பிச் சொல்வார்: “இரண்டாம் மாடி தேடி முடிந்தது, யாரும் இல்லை.” சும்மா ‘ஓகே’ சொன்னால் கேட்டாரா, புரிந்ததா என்று தெரியாது. இந்தத் திருப்பிச் சொல்வதை மட்டும் எந்த அவசரத்திலும் விடாதீர்கள்.

‘டென்-ஃபோர்’ போன்ற எண் குறியீடுகள் படங்களில் அழகாக இருக்கும். ஓர் ஊரில் ஒரு குறியீட்டுக்கு ஒரு பொருள், அடுத்த ஊரில் வேறு பொருள். நியூயார்க் நகரத்தில் ‘டென்-செவன்டி-ஃபைவ்’ என்றால் உண்மையாகவே எரிகிறது என்று அர்த்தம். உங்கள் கவுண்டியில் அதற்கு அர்த்தமே இருக்காது. பல துறைகள் சேர்ந்து வேலை செய்யும்போது எளிய மொழியில்தான் பேச வேண்டும் என்று மத்திய அரசின் அவசரநிலை மேலாண்மைக்கான நிம்ஸ் நடைமுறை 2006-லிருந்து வற்புறுத்துகிறது. நம் உச்சரிப்பைப் பற்றி வெட்கப்படத் தேவையில்லை. மெதுவாக, சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டுப் பேசுபவரை டிஸ்பாச்சர்களுக்குப் பிடிக்கும்.

7. மேடே: இதை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள்

நீங்கள் வழி தவறினாலோ, சிக்கிக்கொண்டாலோ, தரை உடைந்து விழுந்தாலோ, முதுகுச் சிலிண்டரில் காற்று குறைந்தாலோ, “மேடே, மேடே, மேடே” என்று சொல்லுங்கள். பிறகு, ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து லூனார் என்று சொல்லும் வரிசை: எங்கே இருக்கிறேன், எந்த வண்டியைச் சேர்ந்தவன், என் பெயர், என்ன வேலையாக வந்தேன், காற்று எவ்வளவு மீதி, என்ன உதவி வேண்டும். ரேடியோவில் ஆரஞ்சு நிற அவசரப் பட்டன் இருந்தால் அதையும் அழுத்துங்கள். பல அமைப்புகளில் அது உங்கள் ரேடியோவின் அடையாளத்தை டிஸ்பாச்சரின் திரையில் காட்டும். மேடே கேட்டதும் மற்ற எல்லோரும் வாயை மூட வேண்டும்.

1999 டிசம்பர் 3-ல் மாசசூசெட்ஸின் வூஸ்டர் நகரில், கைவிடப்பட்டுக் கிடந்த குளிர்பதனக் கிடங்கு எரிந்தது. ஏறக்குறைய சன்னலே இல்லாத அந்தக் கட்டடத்துக்குள் புகையில் இருவர் வழி தவறி, ரேடியோவில் உதவி கேட்டார்கள். அந்த இருவரும், தேடப் போனவர்களில் நால்வரும் திரும்பவில்லை. ஆறு பேர். வழி தெரியவில்லை என்று முதல் சந்தேகம் வந்ததுமே சொல்ல வேண்டும், காற்று தீரும் வரை தாங்கிப் பார்க்கக் கூடாது என்று எங்கள் பயிற்சியாளர்கள் இதை வைத்துத்தான் சொல்லிக்கொடுப்பார்கள். மேடே சொல்லிவிட்டு, அடுத்த நிமிடமே கதவு கண்ணில் பட்டால் தவறில்லை. ‘வெளியே வந்துவிட்டேன்’ என்று சொல்லிவிடலாம்.

வீட்டில் கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு இதைச் சொல்லிப் பாருங்கள். என் மகள் நிறுத்துக்கடிகாரத்தோடு உட்கார்ந்து கேட்பாள். முதல் தடவை ஒரு நிமிடம் ஆனது, என் பெயரையே விட்டுவிட்டேன். இப்போது இருபது நொடி.

8. செய்யக் கூடாதவை

மலிவாகக் கிடைக்கிறதே என்று இணையத்தில் ரேடியோ வாங்கி, துறையின் சேனலைப் போட்டுப் பேசிப் பார்க்காதீர்கள். உரிமம் துறையின் பெயரில் இருக்கிறது. துறை ஒப்புக்கொண்ட, அந்தப் பட்டைக்குச் சான்று பெற்ற ரேடியோவில்தான் பேசலாம். ஸ்கேனரில் கேட்பது பொதுவாகக் குற்றமில்லை என்றாலும், சில மாநிலங்களில் காரில் வைத்திருக்கக் கட்டுப்பாடு உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸ் அழைப்புகளில் வயதும் நோயும் முகவரியும் வரும். அவர் உங்கள் தெருக்காரராக இருக்கலாம். வாட்ஸ்அப்பில் போடாதீர்கள், வீட்டிலும் சொல்லாதீர்கள்.

9. முதல் மாதத்துக்கான பயிற்சி

பல கவுண்டிகளில் வாரத்தில் ஒருநாள் குறித்த நேரத்தில் எல்லா ஸ்டேஷன் டோன்களையும் சோதிப்பார்கள். எங்களுக்குத் திங்கள் மாலை ஆறு மணி. அந்த நேரத்துக்குப் பேஜர் சார்ஜரில் அதன் இடத்தில் இருக்கட்டும். நீங்கள் வீட்டின் வேறொரு மூலையில் இருங்கள். கேட்டால் சரி. கேட்கவில்லை என்றால் மறுநாளே அதிகாரியிடம் சொல்லுங்கள். பேட்டரியாக இருக்கலாம், ஒலி அளவாக இருக்கலாம்.

மற்ற நாட்களில் தினம் அரைமணி நேரம் சேனலைத் திறந்து வைத்து, வரும் ஒவ்வோர் அழைப்பையும், உங்கள் ஸ்டேஷனுக்கு இல்லாவிட்டாலும், சீட்டில் எழுதுங்கள். எழுதியதைப் பேஜரின் பதிவோடோ செயலியில் வந்த வரியோடோ ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் வாரம் வீட்டு எண் மட்டும் சரியாக வந்தால் போதும். இரண்டாம் வாரம் குறுக்குத் தெரு. மூன்றாம் வாரம் சேனல். சீட்டைக் கிழித்துப் போட மறக்காதீர்கள். அதில் யாரோ ஒருவரின் முகவரி இருக்கிறது.